ரவை உப்புமாவும் உலகத்து வானமும்

பொன்னேரியைச் சுற்றிலும் நெல் வயல்களே மிகுதி. கோதுமைப் பயிரைக் கண்ணால் கண்டவர் நம் ஊரில் மிகச் சிலரே. ஆயினும் காலையில் ரவை உப்புமா, இரவில் சப்பாத்தி, கிறிஸ்து பிறப்பு விழாவன்று சேமியாப் பாயசம் என்று கோதுமை நம் வீட்டில் குடியேறிவிட்டது. திருப்பலியில் நாம் பெற்றுக்கொள்ளும் நற்கருணை அப்பமும் கோதுமையால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

நாம் விளைவிக்காத இந்தத் தானியத்தின் விலையை யார் ஏற்றுகிறார்? மளிகைக் கடைக்காரரைக் கேட்டால், "மேலிருந்தே ஏறி வருகிறது, அம்மா" என்பார். அந்த "மேல்" எங்கே இருக்கிறது? டூரம் என்னும் ஒரு கோதுமை இனத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

டூரம் என்பது யாது?

ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் பயன்படுவது சாதாரணக் கோதுமை. அதன் உயிரணுவில் 42 குரோமோசோம்கள் உண்டு. டூரம் கோதுமையில் 28 மட்டுமே. நம் தாய்மார் நன்கறிந்த சம்பா கோதுமையும் 28 குரோமோசோம்கள் உடைய நெருங்கிய உறவே. "டூரம்" என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கடினமானது என்று பொருள். இதன் மணி கண்ணாடி போல் பளபளப்பும் தேன் நிறமும் கொண்டது. அரைத்தால் மஞ்சள் ரவை கிடைக்கும். இத்தாலியரின் மாக்கரோனியும் வட ஆப்பிரிக்க மக்களின் குஸ்குஸும் இதிலிருந்தே செய்யப்படுகின்றன. நம் கடைகளில் விற்கும் சாதாரண ரவை பெரும்பாலும் ரொட்டிக் கோதுமையில் ஆனது. மாக்கரோனிக்கும் பன்சி ரவைக்கும் உரியது டூரம்.

உலகில் விளையும் கோதுமை நூறு மூட்டை என்றால், அதில் டூரம் ஏறத்தாழ ஐந்து மூட்டைதான். அது விளையும் இடங்களும் சிலவே: கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலம், இத்தாலி, துருக்கி, வட ஆப்பிரிக்கா, அமெரிக்காவின் வட டகோட்டா, நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து மால்வாப் பகுதி முதலியன. நாடு விட்டு நாடு விற்கப்படும் டூரத்தில் ஏறத்தாழ பாதியைக் கனடா ஒன்றே அனுப்புகிறது. ஒரே தூணில் நிற்கும் கூரைக்கு ஒப்பானது இந்த வாணிகம்.

வானம் செய்யும் மாற்றம்

நெல்லைப் போல டூரத்துக்குத் தேங்கிய நீர் வேண்டாம். மால்வாவின் கரிசல் மண்ணில் ஒன்றிரண்டு தண்ணீர் பாய்ச்சினாலே அது விளைந்துவிடும். எனினும் அதற்கு மூன்று பகைகள் உண்டு. முதலாவது, வளரும் பருவத்தில் வறட்சி. இரண்டாவது, பால் பிடிக்கும் பருவத்தில் கடும் வெப்பம். அப்போது மணி நிறையும் முன்பே முதிர்ந்து சுருங்கிவிடும். மூன்றாவது, அறுவடை வேளையில் மழை. கதிரிலேயே மணி முளைத்துவிடும், பளபளப்புக் கெடும். அறுக்க வேண்டிய நெல் மழையில் சாய்ந்து முளைவிடும் துயரம் நம் ஊர் உழவர் அறியாததன்று.

2014-ஆம் ஆண்டு கனடாவில் அறுவடையின்போது மழை பெய்தது. விளைச்சலில் பெரும்பங்கு தரம் கெட்டு, நல்ல ரவைக்குரிய டூரத்தின் விலை உயர்ந்தது. 2021-இல் நேர்மாறாக வறட்சி வந்தது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று மேற்குக் கனடாவின் லிட்டன் என்னும் சிற்றூரில் வெப்பம் 49.6 டிகிரியை எட்டியது. கனடாவின் டூரம் விளைச்சல் முந்திய ஆண்டில் ஏறத்தாழ 65 லட்சம் டன்னாக இருந்தது. அது பாதிக்கும் கீழே வீழ்ந்தது. விலையோ ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இத்தாலியில் மாக்கரோனி வகைகளின் விலை ஏறியது. பின்னர்க் கோதுமை விலை இறங்கியபோதும் அவற்றின் விலை எளிதில் இறங்காமையால், 2023 மே மாதம் அந்நாட்டு அரசு இதற்கென்றே கூட்டம் கூட்டியது. ஏறும்போது குதிரை, இறங்கும்போது ஆமை: இதுவே விலையின் இயல்பு.

நம் நாட்டில் நிகழ்ந்தது

கனடாவின் வறட்சியை அடுத்து, 2022-இல் நமக்கும் சோதனை வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம், 1901 முதல் கணக்கெடுக்கப்பட்ட மார்ச் மாதங்களிலேயே மிகுந்த வெப்பம் உடையதாக இருந்தது. வட இந்தியாவில் கோதுமை பால் பிடிக்கும் வேளை அதுவே. சாதாரணக் கோதுமையும் பல இடங்களில் சுருங்கிப்போயிற்று. அதற்குச் சற்று முன், பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரேன் மீது போர் தொடுத்தது. இரண்டும் கோதுமையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடுகள். உலக விலை உயரவே, வணிகர்கள் அரசு விலையைவிட அதிகம் கொடுத்து உழவரிடம் வாங்கினர். 2021-இல் 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசுக்கு, 2022-இல் கிடைத்தது 188 லட்சம் டன்னே. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. மாவு, மைதா, ரவை ஆகியவற்றின் ஏற்றுமதிக்கும் அதே ஆண்டில் கட்டுப்பாடு வந்தது.

கடைக்காரர் சொன்ன "மேல்" எது என்பது இப்போது விளங்குகிறது. ஒரு நாட்டு மேகம், மற்றொரு நாட்டு வெயில், வேறொரு நாட்டுப் போர் ஆகிய மூன்றும் சேர்ந்து நம் கடைத்தெருவின் தராசில் வந்து அமர்கின்றன.

யாருடைய சுமை?

விலை உயர்ந்தால் வசதியுள்ளோர் சற்று முணுமுணுத்துவிட்டு வாங்குவர். ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைக்கும் வட மாநிலத் தொழிலாளிக்கு ரொட்டியே உணவு. கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால், ஊருக்கு அனுப்பும் பணத்தில் அது குறையும். வருவாயில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பத்தில் முதலில் தன் பங்கைக் குறைத்துக்கொள்பவள் தாய் அல்லவா?

நாம் கற்க வேண்டியவை

எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் தானியம் சேர்த்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் மக்களைக் காத்ததைத் திருவிவிலியத்தில் படித்திருக்கிறோம். அரசுக் கிடங்குகளின் தத்துவமும் அதுவே. 1966-இல் நம் நாடு ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து பெற வேண்டியிருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமைக் குருணையால் பள்ளிகளில் செய்த உப்புமாவைப் பாட்டிமார் பலர் இன்றும் நினைவுகூர்வர். அந்நிலையிலிருந்து நம்மை மீட்டது அறிஞர்களின் ஆராய்ச்சியும் உழவரின் உழைப்பும் ஆகும். நம் நீலகிரியிலுள்ள வெலிங்டனிலும் கோதுமை ஆராய்ச்சி நிலையம் உண்டு. மலைக்குளிரில் கோடையிலும் உயிர்த்திருக்கும் துரு நோயை எதிர்க்கும் வகைகளை அங்கே ஆராய்கின்றனர். வெப்பத்தைத் தாங்கும் வகைகளைக் கண்டறிவதே இனிவரும் அறிஞர்களின் பெரும்பணி. அவர்களுள் நம் மாணவியரும் இருத்தல் வேண்டும்.

இல்லங்களிலும் நமக்குப் பணி உண்டு. ஒரே தானியத்தை நம்பியிராமல் கேழ்வரகையும் கம்பையும் மீண்டும் அடுப்பேற்றுவோம். உணவு மேசையில் மிச்சம் வைக்காதிருப்போம். விலையேற்றக் காலத்தில் தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்காதிருப்போம். நாம் சேர்க்கும் கூடுதல் மூட்டை, அடுத்த வீட்டுக் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்ததாகும்.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான் சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். நாளை காலை உப்புமாத் தட்டின் முன் அமர்ந்து சிலுவை அடையாளம் வரையும்போது, எங்கோ ஒரு வயலில் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் உழவருக்காகவும் ஒரு நொடி மன்றாடுவோமாக!