கியர்பாக்ஸ்ல முதல்ல போறது எது?

ஐந்தாவது செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஒரு கார் டிரான்ஸ்மிஷன்ல எந்த பார்ட் முதல்ல ஃபெயில் ஆகும்?"

லூயிஸ் ஈக்வேஷன் போட்டுப் போட்டுப் பழகியிருந்த நான் யோசிக்காமல் "கியர் டூத், சார்" என்றேன். அவர் சிரித்தார். "எத்தனை கார்ல பல்லு உடைஞ்சு பார்த்திருக்க?" ஒன்றுகூட இல்லை.

சரியான பதில் எனக்கு இந்த வருஷம்தான் கிடைத்தது, அதுவும் எங்க வீட்டுச் செலவில். சித்தப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு சிவிடி ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். "மெக்கானிக்கல் படிக்கிற பையன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டயர் பார்த்தேன், பெயிண்ட் பார்த்தேன், இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் ஆயில் கடைசியா எப்ப மாத்தினாங்க என்று மட்டும் கேட்கவில்லை. எட்டாவது மாதம் கியர்பாக்ஸ் போச்சு. எஸ்டிமேட் ஒன்றரை லட்சம். சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அன்று நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பல் ஏன் உடைவதில்லை?

ஒரு சின்ன கணக்கு போடலாம். சக்கரத்தின் ஆரம் 0.28 மீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 1.76 மீட்டர். 1 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் ஏறத்தாழ 5.7 கோடி தடவை சுற்றும். ஃபைனல் டிரைவின் பெரிய கியரும் அதே அளவு சுற்றும். அதாவது அதன் ஒவ்வொரு பல்லும் 5.7 கோடி தடவை லோடு வாங்கும்.

ஃபடீக் பாடத்தில் எஸ்-என் கர்வ் வரைந்தோமே, ஞாபகம் இருக்கா? ஸ்டீலுக்கு அந்தக் கர்வ் 10 லட்சம் முதல் 1 கோடி சுழற்சிக்குள் கிட்டத்தட்ட படுத்துவிடும். அதற்குக் கீழே ஸ்ட்ரெஸ்ஸை வைத்துவிட்டால் பல் உடைய வேண்டிய அவசியமே இல்லை. டிசைனர்கள் அதைத்தான் செய்கிறார்கள். மேற்பரப்பைக் கார்புரைசிங் செய்து கடினமாக்கி, உள்ளே மென்மையாக விட்டு, நல்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியும் கொடுக்கிறார்கள். ஆயில் ஒழுங்காக இருக்கும் வரை இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய படலம் இருந்துகொண்டே இருக்கும்.

ஆக, கியர் சாவதில்லை. அப்போ எது சாகுது?

உரசுற இடம்தான் சாகுது

எந்த டிரான்ஸ்மிஷனிலும் ஏதோ ஒரு இடத்தில் ஸ்லிப் ஆகித்தான் தீர வேண்டும். நிற்கிற சக்கரத்தையும் சுற்றுகிற இன்ஜினையும் ஒன்றாகச் சேர்க்க வேறு வழியில்லை. ஸ்லிப் இருந்தால் சூடு இருக்கும். எவ்வளவு சூடு?

1000 கிலோ கார். இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் இருக்கும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்கிறது, அப்போது கார் வேகம் சுமார் 11 கிமீ என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 5 கிலோஜூல். இன்ஜின் வேகத்தை மாற்றாமல் சமதரையில் கிளம்பினால், ஏறத்தாழ அதே 5 கிலோஜூல் கிளட்ச்சில் சூடாகவும் போகிறது. நகருவதற்கு எவ்வளவோ, உரசுவதற்கும் அவ்வளவு.

இது பரவாயில்லை. மால் பார்க்கிங் ரேம்ப்பில் வரிசையில் நிற்கும்போது பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரைப் பிடித்து வைக்கிறோமே, அதைப் பாருங்க. 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்றால் கார் பின்னால் உருளாமல் இருக்க சுமார் 980 நியூட்டன் தேவை. முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 14 மடங்கு என்று எடுத்தால் கிளட்ச்சில் டார்க் ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். இன்ஜின் 1200 ஆர்பிஎம்மில், அதாவது நொடிக்கு 126 ரேடியனில் சுற்றுகிறது. பெருக்கினால் 2.5 கிலோவாட். வீட்டு இஸ்திரிப்பெட்டி இரண்டரை எண்ணத்தை கிளட்ச்சின் மேல் வைத்த மாதிரி. 10 நொடி அப்படி நின்றால் 25 கிலோஜூல். ஒரே இடத்தில் நின்றுகொண்டே ஐந்து தடவை கிளம்பிய தேய்மானம்!

ஒவ்வொரு வகையிலும் சூடு எங்கே போகுது?

மேனுவல்: சூடு கிளட்ச்சுக்குப் போகும். கிளட்ச் தனி பார்ட், கழற்றி மாற்றலாம், கியர்பாக்ஸுக்கு ஆபத்தில்லை. மேனுவல் நீண்ட நாள் உழைப்பதன் ரகசியம் இதுதான்.

ஏஎம்டி: 2014ல் மாருதி செலேரியோவில் வந்தது. உள்ளே இருப்பது அதே மேனுவல் பாக்ஸ், அதே கிளட்ச்தான். உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் வேலை செய்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே காரைப் பிடித்து வைத்தால், மேலே போட்ட அதே 2.5 கிலோவாட்தான்.

டார்க் கன்வெர்ட்டர்: இங்கே ஸ்லிப் ஆவது ஆயிலுக்குள். தேய்வதற்குத் தகடு இல்லை. சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு கூலருக்குப் போய்விடும். வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் ஸ்லிப்பை அடைத்துவிடும். ஆயிலைக் கவனித்தால் நன்றாக உழைக்கும்.

சிவிடி: ஸ்கூட்டரில் இருக்கும் அதே ஐடியா. அங்கே ரப்பர் பெல்ட், காரில் நூற்றுக்கணக்கான சின்ன ஸ்டீல் துண்டுகளைக் கோத்த பெல்ட். பல்லே இல்லை. புல்லி அழுத்துகிற அழுத்தமும் உராய்வும் மட்டும்தான் சக்தியைக் கடத்துகின்றன. அந்த உராய்வைக் கொடுப்பதே ஆயில்தான். ஆயில் கெட்டாலோ ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்தாலோ பெல்ட் வழுக்கும். ஒருமுறை வழுக்கினால் புல்லியில் கீறல் விழும், இரும்புத் தூள் ஆயிலில் கலக்கும், அது அடுத்த கீறலைப் போடும். சித்தப்பா காரில் இறக்கிய ஆயில் கறுப்பாக, கருகல் வாடையோடு மின்னிக்கொண்டிருந்தது.

டிசிடி: இரண்டு கிளட்ச். ஆயிலில் மூழ்கியது ஒரு வகை, டிரை கிளட்ச் இன்னொரு வகை. டிரை வகை எரிபொருள் மிச்சம் பிடிக்கும், ஆனால் சூட்டைத் தூக்கிப்போக ஆயில் கிடையாது. நின்று நின்று நகரும் டிராஃபிக் இதற்குப் பெரிய சோதனை.

ஊரும் ஒரு டெஸ்ட்தான்

ஃபோக்ஸ்வாகனின் 7 ஸ்பீடு டிரை கிளட்ச் பாக்ஸ், டிக்யூ200, இதற்கு நல்ல கேஸ் ஸ்டடி. சீனாவில் புகார்கள் குவிந்ததால் 2012ல் வாரண்டியை 10 வருஷம் அல்லது 1,60,000 கிமீ என்று நீட்டினார்கள். 2013 மார்ச்சில் அங்கே சுமார் 3,84,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் சிந்தெடிக் கியர் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றப்போவதாக அறிவித்தார்கள். காரணம்? வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான ஊர்களில், நின்று நின்று நகரும் டிராஃபிக்கில், அந்த சிந்தெடிக் ஆயிலோடு மின்சாரக் கோளாறு வரலாம் என்பதுதான்.

கியர் டூத்தில் ஒரு குறையும் இல்லை. ஆயிலும் ஊரும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வெயில், ஈரம், டிராஃபிக் மூன்றும் சேர்ந்த சென்னையில் இருந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு, இல்லையா?

'லைஃப்டைம் ஆயில்' யாருடைய லைஃப்?

ஆயில் ஆக்ஸிடேஷனுக்கு ஒரு தோராய விதி உண்டு: வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்படியென்றால் 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. 'லைஃப்டைம் ஃபில், மாத்தவே வேண்டாம்' என்று சொல்லும்போது அந்த லைஃப் முதல் ஓனருடையதா, மூன்றாவது ஓனருடையதா என்று கேளுங்கள். கடும் பயன்பாட்டுக்கு மேனுவலில் தனி அட்டவணை கொடுத்திருந்தால், நம்ம ஊர் டிராஃபிக்குக்கு அதுதான் பொருந்தும்.

செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்கும் முன்

1. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம்.
2. ஊற்றியது மேனுவலில் சொன்ன ஆயில்தானா என்று பாருங்க. சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றியிருந்தால் அந்தக் காரை விட்டுடுங்க.
3. குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. பல கோளாறுகள் சூட்டில்தான் வெளியே வரும்.
4. டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது தாமதமோ இடியோ இருக்கா? ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் இருக்கா?
5. வாங்கிய பிறகு: ஏற்றத்தில் பிரேக்கால் நிறுத்துங்க, ஆக்ஸிலரேட்டரால் வேண்டாம்.

அந்த எக்ஸ்டர்னல் மறுபடி கேட்டால் இப்போது என் பதில் தயார்: "உரசுற இடம்தான் முதல்ல போகும், சார். அதுக்கும் முன்னாடி ஆயில் போகும்." சித்தப்பாவும் இப்போது எந்த வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வியாக ஆயில் பில்லைத்தான் கேட்கிறார். அடுத்த வண்டி பார்க்கவும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.