மாமல்லபுரத்தில் நல்ல சாப்பாடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாமல்லபுரம் போய் வந்தவர்களிடம் கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “கோயிலெல்லாம் அருமை, சாப்பாடுதான் சரியில்லை.” 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. கடற்கரைக் கோயிலை ஒட்டியே மீனவர் குப்பம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் நல்ல மீன் சாப்பாடு கிடைக்காமல் திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஊரில் நல்ல கடைகள் இருக்கின்றன. நாம் தேடும் முறையில்தான் கோளாறு. அந்தத் தேடலைத் திசைதிருப்பும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: கடல் தெரியும் உணவகத்தில்தான் மீன் புதிதாக இருக்கும்.

உண்மை: மேசையிலிருந்து கடல் தெரிவதற்கும் மீன் புதிதாக இருப்பதற்கும் தொடர்பில்லை. கரையேறி எவ்வளவு நேரமாயிற்று, அதுவரை ஐஸில் இருந்ததா என்பதே கணக்கு. குப்பத்து ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீனை வியாபாரிகள் வாங்கி வெளியூருக்கு அனுப்பிவிடலாம். படகு நிற்கும் மணலுக்கு எதிரே இருக்கும் கடைக்கு வெளிச்சந்தை மீன் பெட்டியில் வந்து இறங்கலாம். 

ஒத்தவாடைத் தெருப் பக்கம் சில உணவகங்கள் மீனை வாசலிலேயே அடுக்கிவைத்திருக்கும். அங்கே தயங்காமல் குனிந்து பாருங்கள். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். குழிந்து வெளுத்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் மேலெழும்ப வேண்டும். காட்ட மறுக்கும் கடையில் மீன் சாப்பிட வேண்டியதில்லை.

நம்பிக்கை: வஞ்சிரம் எப்போதும் கிடைக்கும் கடையே நல்ல கடை.

உண்மை: எல்லா மீனும் எல்லா நாளும் கிடைக்கும் கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடல் அப்படிக் கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள் அவை. கோடை விடுமுறையில் நாம் குடும்பத்தோடு போய் இறங்குவதும் அதே நாட்களில்தான். அப்போது தட்டில் விழும் பெரிய வஞ்சிரத் துண்டு தொலைவிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பாரம்பரிய நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. கரையோரம் கிடைக்கும் நெத்திலி, மத்தி, சங்கரா, கிழங்கான், நண்டு எல்லாம் அந்த நாட்களிலும் வரும். விலையும் குறைவு, ருசியும் குறையாது. “வஞ்சிரம் இன்னைக்கு வரலைங்க, சங்கரா நல்லா இருக்கு” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அங்கேயே உட்காருங்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிறவர் அன்றைய சரக்கை நம்பித்தான் கடை நடத்துகிறார்.

நம்பிக்கை: ஐஸ் வைத்த மீன் பழைய மீன். எந்த மீனானாலும் நன்றாகப் பொரித்துவிட்டால் பயமில்லை.

உண்மை: இரண்டும் தவறு, இரண்டாவது ஆபத்தானதும்கூட. நம் வெயிலில் ஐஸ் இல்லாத மீன் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது மீன்வளத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் அளவு. நிறைய ஐஸுக்குள் புதைந்த மீன் கவனிப்பின் அடையாளம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் சதையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். மசாலாவின் நெடியில் மீனின் கெட்ட வாசனை மறைந்துவிடலாம், ஹிஸ்டமின் அப்படியேதான் இருக்கும். கடித்தவுடன் நாக்கில் மிளகுபோலச் சுருக்கென்று குத்தினால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள்.

நம்பிக்கை: கூட்டமும் கைப்பேசியில் நட்சத்திரங்களும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

உண்மை: யாருடைய கூட்டம் என்று பார்க்க வேண்டும். சுற்றுலா வேன்கள் நிற்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் நிரம்பும். வண்டியை நிறுத்தும் ஓட்டுநருக்கு இலவசச் சாப்பாடு தருவது நம் நெடுஞ்சாலைகளில் பழகிப்போன வழக்கம். நட்சத்திரம் போடுகிறவர்களும் பெரும்பாலும் ஒருமுறை வந்து போகிறவர்கள்.

தினமும் திரும்பி வருகிற கூட்டம்தான் சரியான சாட்சி. கல் பட்டறைகளில் உளி பிடிக்கிறவர்கள், பேருந்து நிலையத்து வியாபாரிகள், கடைப் பணியாளர்கள் எல்லாம் மதியம் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டோக்காரரிடம் “நல்ல ஓட்டல் எது?” என்றால் பயணிகளுக்கென்று ஒரு பெயர் வரும். “அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?” என்று கேளுங்கள். வருகிற பெயர் மாறும்.

நம்பிக்கை: ஏசி உணவகம் சுத்தமானது, சிறிய மெஸ் வயிற்றைக் கெடுக்கும்.

உண்மை: காலையில் வாங்கி, மதியம் சமைத்து, இரண்டரை மணிக்குள் பாத்திரம் காலியாகும் மெஸ்ஸில் உணவு தேங்குவதில்லை. நீளமான பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் பாதிப் பொருள் குளிர்பெட்டியில் காத்திருக்க வேண்டியிருக்கும். 

அளவைப் பார்க்காமல் அடையாளங்களைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு அல்லது உரிம எண் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், சிறிய கடைக்கும் இது பொருந்தும். பொரிக்கும் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைகிறதா என்று கவனியுங்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நம்பிக்கை: விலை கேட்பது நாகரிகமில்லை, பில்லில் இருப்பதையெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும்.

உண்மை: மீன் விலை நாளுக்கு நாள் மாறுவதால் எடை போட்டு விலை சொல்வது நியாயமான வழக்கம்தான். ஆனால் பொரிப்பதற்கு முன்பே எடை, விலை, சமையல் கூலி மூன்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மனம் நிறைந்து கொடுப்பது வேறு, கட்டாயம் வேறு.

ஆகவே, கோயில் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குவதுபோலச் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். ஒரு மணிக்குள் போய் உட்காருங்கள். பட்டியலைக் கேட்பதற்கு முன் “இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?” என்று கேளுங்கள். எல்லோரும் வஞ்சிரமே கேட்டால் கடைக்காரர் எங்கிருந்தாவது வஞ்சிரத்தைத்தான் வரவழைப்பார். நாம் அன்றைய மீனைக் கேட்டால் அவர் குப்பத்து மீனை வாங்குவார். அந்தப் பணம் அதே ஊரின் படகுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும், அடுப்படியில் நிற்பவர்களுக்கும் போய்ச் சேரும்.