இராமனின் ஆய்வுக்கூடத்து மனிதர்கள்

நுழையும்முன்

அறிவியல் கண்டுபிடிப்பு பெரும்பாலும் ஒருவர் பெயரால் வழங்குகிறது. அப்பெயருக்குப் பின்னால், கருவியைத் துடைத்து வைத்தவர், விடுமுறையில் இரயிலேறி வந்த ஆசிரியர், அலுவலகம் முடிந்த பிறகு ஆய்வுக்கு வந்தவர், படித்துக்கொண்டே துணைபுரிந்த மாணவர் எனப் பலர் இருப்பர். அத்தகையோர் கூடியிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தையும், அதில் இடம் கிடைத்தோர், கிடைக்காதோர் பற்றியும் இப்பாடம் பேசுகிறது.

பௌபஜார் தெருவில் ஒரு கட்டடம்

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். மேனாட்டு மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்று, பின்னர் ஓமியோபதிக்கு மாறியவர். அறிவியலை இந்தியர் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, தாமே ஆராய வேண்டும் என்பது அவருடைய கருத்து. செல்வர்களிடமும் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, 1876ஆம் ஆண்டு இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை அவர் நிறுவினார். பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில் விரிவுரைக் கூடமும் ஆய்வுக்கூடமும் எழுந்தன. கல்லூரி மாணவர்கள் மாலை வேளைகளில் வந்து விரிவுரை கேட்டுச் சென்றனர். ஆனால், தங்கி ஆராய முன்வந்தவர் அரிது. அந்த மனக்குறையோடே 1904இல் சர்க்கார் மறைந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்தார். திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமனே அவர். டிராம் வண்டியில் சென்றபோது கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே என்னும் கழகப் பணியாளர்.

இந்த ஆசுதோஷைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். இராமனுக்கு உதவியாளராகச் சேர்ந்து, கருவிகளைப் பொருத்தவும் அளவுகளைக் குறிக்கவும் கற்று, நாளடைவில் தாமே ஆய்வு நடத்தும் திறம் பெற்றார். அதிர்வெண்ணைத் துல்லியமாகக் கணிக்கும் புதிய முறை ஒன்றைப் பற்றிய அவருடைய கட்டுரை, 1919ஆம் ஆண்டு இலண்டன் இராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில் அவர் பெயரிலேயே வெளிவந்தது. இராமன் அதற்கு முன்னுரை எழுதினார். கல்லூரிப் படி மிதிக்காத ஒருவரின் கட்டுரை உலகின் முதன்மையான அறிவியல் ஏடுகளுள் ஒன்றில் இடம்பெற்றது என்பதை, இராமனின் புகழைப் பாடும் நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது பொருத்தமன்று.

பத்தாண்டுக் காலம் இராமனுக்கு இருவேறு வாழ்க்கை. விடியலில் கழகம், பகலில் அரசு அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம். 1917இல் நிதித்துறைப் பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அதுமுதல் பல்கலைக்கழக மாணவர்களும் பௌபஜார் தெருவுக்கு வரலாயினர்.

வந்து சேர்ந்தவர்கள்

அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்று பார்த்தால் வியப்பே மேலிடும். வங்காளத்தைச் சேர்ந்த சிசிர் குமார் மித்ரா, ஒளியியலில் தொடங்கிப் பின்னாளில் வானொலி அலை ஆய்வுக்கு வழிகாட்டியாக விளங்கினார். பாலக்காட்டின் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன், திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆய்வுக்கூடப் பயிற்றுநராக இருந்தவர். இரங்கூனில் ஆசிரியப் பணி கிடைத்த பின்னும், விடுமுறை விட்டதும் கல்கத்தாவுக்கு வந்துவிடுவார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, வேதியியல் பயிற்றுநராகப் பணியாற்றிவிட்டு வந்தவர். வேங்கடேசுவரன் என்பவர் அலிப்பூரில் இருந்த அரசுச் சோதனைச்சாலையின் வேதியியலாளர். அவருக்கு ஆய்வு என்பது அலுவலகம் முடிந்த பின்னரே. ஆந்திரப் பகுதியிலிருந்து பகவந்தம் 1928இல் வந்தார்.

வந்தவர்கள் அனைவரும் ஒரே தாய்மொழியினர் அல்லர். எனினும், திரவத்தில் விழும் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்ற ஒரே கேள்வி அவர்களுள் பலரை ஒரு மேசைக்கு முன் நிறுத்தியது.

1921இல் இராமன் கப்பலில் ஐரோப்பா சென்று மீண்டபோது, கடலின் நீலம் வானத்தின் எதிரொளி அன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது என்ற முடிவுக்கு வந்தார். அதனைத் தொடர்ந்து, நீரிலும் பிற திரவங்களிலும் ஒளிச்சிதறலை ஆராயும் பணி இராமநாதனிடம் வந்தது. 1923இல் அவர் ஒரு விந்தையைக் கண்டார். செலுத்திய ஒளியின் நிறத்தோடு, மிக மங்கலாக வேறொரு நிறமும் வெளிவந்தது. திரவத்தில் கலந்த மாசு ஒளிர்வதாகவே முதலில் கருதினர். திரவத்தை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தனர். மாசு நீங்கியிருக்க வேண்டும். மங்கல் ஒளி நீங்கவில்லை. காரணம் புலப்படாமல், அது 'வலுக்குன்றிய ஒளிர்வு' என்ற பெயரோடு குறிப்பேட்டில் தங்கிவிட்டது.

நான்காண்டுகளுக்குப் பின், 1927இன் இறுதியில், வேங்கடேசுவரன் கிளிசரினை ஆராய்ந்தார். நீலமாக இருக்க வேண்டிய சிதறல் ஒளி பசுமையாக இருந்தது. அதைவிட முக்கியமானது, அவ்வொளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருந்தது. அதாவது, அதன் அதிர்வுகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அமைந்திருந்தன. மாசினால் தோன்றும் சாதாரண ஒளிர்வில் இவ்வியல்பைக் காண இயலாது. எனவே, இது வேறொன்று.

ஆனால், வேங்கடேசுவரனால் ஆய்வைத் தொடர இயலவில்லை. அவ்வாய்வுக்குக் கதிரவன் ஒளி வேண்டும். கதிரவன் இருக்கும் பொழுதில் அவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஓர் அரிய உண்மையின் வாயிலில் நின்றவரை வேலை நேரம் திருப்பி அழைத்துக்கொண்டது.

கோட்பாட்டுக் கணக்கீடுகளில் மூழ்கியிருந்த கிருஷ்ணனை இராமன் இப்பணிக்கு அழைத்தார். ஆய்வின் அமைப்பு எளிதே. கதிரவன் ஒளியை வில்லையால் குவித்து, நீல ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியே திரவத்தில் செலுத்த வேண்டும். பக்கவாட்டில் சிதறும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே நோக்க வேண்டும். ஒளியின் நிறம் மாறவில்லை எனில் இருளே தெரியும். ஒளி தெரிந்தால், திரவத்தினுள் அது நிறம் மாறியிருக்கிறது. ஒளி தெரிந்தது. அறுபதுக்கும் குறையாத திரவங்களில் தெரிந்தது. 1928 பிப்ரவரியின் அந்த நாள்களைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பிப்ரவரி 28ஆம் நாள், நிறமாலைமானி வழியே புதிய ஒளி தனித்து நிற்பதை இராமன் கண்டார்.

அடுத்த மாதம் பெங்களூரில் ஆற்றிய உரையில், இராமநாதன், வேங்கடேசுவரன், கிருஷ்ணன் ஆகியோரின் பணியை அவர் குறிப்பிட்டார். 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. விளைவும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

உள்ளே இல்லாதவர்கள்

அந்த ஆய்வுக்கூடத்தை எவருக்கும் திறந்திருந்த இடம் என்று கூறிவிட முடியாது. அங்கு வந்தவர் பெரும்பாலும் முன்னமே கல்வி வாய்ப்புப் பெற்ற குடும்பத்தினர். தென்னாட்டவர்க்கே இராமன் இடம் தருகிறார் என்ற மனத்தாங்கல் வங்காளிகளிடையே எழுந்து, 1934இல் கழகப் பொறுப்பிலிருந்து அவர் விலக நேரிடும் அளவுக்கு முற்றியது. பெண்களோ அங்கு இல்லை.

1933இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இளங்கலையில் தரவரிசையின் முதலிடத்தில் தேறிய கமலா பாகவத், அந்நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் சிற்றப்பாவும் அங்கே பயின்ற வேதியியலாளர்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டது, பெண் என்பதே காரணம். கமலா நேரில் சென்று விடாது வாதிட்டார். இறுதியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். முதல் ஓராண்டு சோதனைக் காலம்; இயக்குநர் மனநிறைவு கொண்டால்தான் ஆய்வு ஏற்கப்படும்; ஆண் மாணவர்களின் கவனம் அவரால் சிதறக் கூடாது.

டிராமிலிருந்து இறங்கி வந்தவருக்குப் பட்டமில்லாத ஒருவர் கதவைத் திறந்ததையும், அவ்விருவரும் சேர்ந்து ஆராய்ந்ததையும் எண்ணிப் பார்க்கும்போது, இந்நிபந்தனைகளை அக்காலத்து வழக்கம் என்று மட்டும் கூறி அமைதி கொள்ள இயலவில்லை. இராமன் பிறருடைய திறமையைக் கண்டறியத் தெரிந்தவர். பெண்கள் திறத்தில் அந்தக் கண் ஓராண்டு மூடியிருந்தது. கமலாவின் உழைப்பைக் கண்ட பின்னர், பெண்களைச் சேர்க்க அவர் இசைந்தார். கமலா கேம்பிரிட்ஜ் சென்று, தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் கண்டறிந்து, 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என அறியப்பட்ட அவர், முதுமையிலும் அந்த மறுப்பை மறக்கவில்லை.

வைரங்களோடு ஒரு மாணவி

கமலா திறந்த வழியில் வந்தவர்களுள் ஒருவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளில் வழக்கப்படி அளித்த வைரத்தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்ட குழந்தை அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, உதவித்தொகையுடன் 1940இல் பெங்களூர் வந்து இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள் வைரமாகவே அமைந்தது.

முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் அவர் பதிவு செய்தார். ஒளி மிக மங்கல் ஆதலால், ஒரு ஒளிப்படத் தகட்டில் பதிவு விழ பதினைந்து முதல் இருபது மணிநேரம் ஆகும். ஆய்வுக்கூடத்திலேயே இரவைக் கழித்தார். ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதை இராமன் விரும்பாததால், தோழர்களுடன் ஐயம் பேசித் தெளியும் வாய்ப்பு அவருக்கும், திரவங்களில் ஒளிச்சிதறலை ஆராய்ந்த சுனந்தா பாய்க்கும் குறைவு. அத்தனிமையிலும், 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகளைத் தனித்தே வெளியிட்டார்.

1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஆய்வேடு பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்திற்குச் சென்றது.

இயற்பியலில் உயர்படிப்பை நாடிய அன்னா மணிக்கு, இலண்டனில் வானிலைக் கருவிகள் குறித்த பயிற்சிக்கே உதவித்தொகை கிடைத்தது. ஏற்றுக்கொண்டார். 1948இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்ட மழைமானி, காற்றழுத்தமானி முதலியவற்றை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களை ஆயத்தம் செய்து, தரப்படுத்தினார். கதிரவக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். ஓசோன் அளவைப் பலூனில் ஏற்றி அளக்கும் கருவியை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். ஓசோன் ஆய்வில் அத்துறையில் அவருக்கு முன்னோடி, இரங்கூனிலிருந்து விடுமுறைக்கு வந்து கழகத்தில் ஒளிச்சிதறலை ஆராய்ந்த அதே இராமநாதன்.