அழிக்க முடியாதது எது?



நீடிய யுகத்தில் குறோணி கடல்நீரைக் குடித்தும் பசி ஆறாமல் கயிலையையும் விழுங்க வந்தான். மாயவர் அவனை ஆறு துண்டமாக வெட்டினார். குறோணி மாண்டான், அவனுடைய தீமை மாளவில்லை. துண்டங்கள் யுகந்தோறும் அசுரராகப் பிறந்தன. சூரபத்மன், இராவணன், துரியோதனன் எல்லாம் அவன் கூறுகளே. ஆயுதம் உடலை மட்டுமே அழிக்கும் என்பதை அகிலம் இவ்வாறு உணர்த்துகிறது.

ஆறாம் துண்டம் கலியன். அவன் மாயையாக மனிதர் மனத்தில் குடியிருப்பவன். மனத்தில் இருப்பவனை எந்த வாளால் வெட்டுவது? ஆகவே நாராயணர் ஆயுதமில்லாப் பண்டாரமாக அவன்முன் வந்தார். பண்டாரத்தையும் அவர் மக்களையும் இடர் செய்வதில்லை என்று கலியன் ஆணையிட்டுக் கொடுத்தான். அந்த ஆணையை மீறுவதே அவன் அழிவு.

கொல்லம் ஆண்டு 1008 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டர் எழுந்தருளி, சுவாமித்தோப்பில் தவமிருந்தார். அக்காலத்தில் சான்றோர் மக்களுக்குத் தலைக்கு வரி, பனைக்கு வரி. பெண்கள் மேலாடை அணியவும் தடை. நீசன் படை அய்யாவைப் பிடிக்க வந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். அய்யாவோ பொறுத்திருக்கச் சொன்னார். எதிர்த்து அடித்திருந்தால் நீசன் செய்ததையே மக்களும் செய்தவராவர். கலி அவர்களுக்குள்ளும் புகுந்திருக்கும்.

பாலில் நஞ்சு கலந்து கொடுத்தனர். சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர். பட்டினி கிடந்த புலியின் முன் நிறுத்தினர். எதுவும் அவரைத் தீண்டவில்லை என்கிறது அகிலம். தம் சாதியாரோடு மட்டும் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோதும் அய்யா இணங்கவில்லை. 110 நாள் சிறைக்குப் பின் பதி திரும்பினார். அந்த வரிகளும் தடையும் இன்று இல்லை. கொடுமை செய்த அரசும் இல்லை. அய்யாவின் பதிகளும் நிழல் தாங்கல்களும் இருக்கின்றன.

பதியில் சிலை இல்லை, கண்ணாடி உண்டு. அதன்முன் நிற்பவர் காண்பது தம்மையே. நெற்றியில் சுடர்போல் நாமம் தெரிகிறது. நெஞ்சில் பொறாமையும் பகையும் இருந்தால் அதையும் அவரே அறிவார். பகைவனை அழிப்பதால் கலி அழியாது. தம் நெஞ்சில் அதற்கு இடங்கொடாதவரிடம் அதற்கு வாழ்வில்லை.

பொறுமையும் தர்மமும் கொண்டவரை அழிக்க ஆயுதம் இல்லை. அன்புக்கொடி மக்கள் நாள்தோறும் உகப்படிப்பு முடிந்து கண்ணாடி முன் நிற்கையில் இதை நினைவிற் கொள்க.

அய்யா துணை.