மனதார: சொல்லும் பொருளும்

அன்புக்கொடி மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களில் ஒன்று 'மனதார'. இது மனது + ஆர எனப் பிரியும். ஆர்தல் என்றால் நிறைதல். ஆகவே மனதார என்றால் மனம் நிறைய, குறை வைக்காமல் என்று பொருள். மனமார என்பதும் இதுவே. பேச்சில் மனசார என்பர்.

வயிறார உண்டான், கண்ணாரக் கண்டான், காதாரக் கேட்டான், வாயார வாழ்த்தினான் என்பன இதன் உடன்பிறப்புகள். 'ஆர' என்னும் எச்சத்தின் பின் வல்லினம் மிகும். எனவே 'மனதார பாராட்டினார்' என்பது பிழை. 'மனதாரப் பாராட்டினார்' என்பதே சரி.

நிறைவு என்பதைச் செஞ்சிக் கோட்டையில் கண்ணாரக் காணலாம். ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. முற்றுகைக் காலத்தில் வெளியே நிற்பவர் கண்ணுக்கு மதில்தான் தெரியும். உள்ளே நெல் நிறைந்திருக்கிறதா, அடி தட்டிவிட்டதா என்பது உள்ளிருப்பவர்க்கே தெரியும். வாய்ச்சொல் மதில் போன்றது, மனமோ களஞ்சியம்.

அதே செஞ்சியில் 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து மாண்டவன் தேசிங்கு ராஜன். அவன் நண்பன் மகமத்கான் தன் மணக்கோலத்தையும் விட்டுப் போருக்கு வந்தான் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்கிறது. மதம் வேறு, குலம் வேறு. ஆயினும் நட்பில் குறை வைக்கவில்லை. மனதாரக் கொடுத்தல் என்பது அதுதான்.

இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: மனமறிய, தெரிந்தே. "மனதார யாருக்கும் கெடுதல் செய்ததில்லை" என்னும்போது இப்பொருளே வருகிறது. நன்மை மனம் நிறையச் செய்வதற்கும், தீமை மனமறியச் செய்யாதிருப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லைத் தந்திருக்கிறது.

வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குப் பெரியவர்கள் சமரசம் செய்கிறார்கள். "மனதார விட்டுக்கொடுத்தேன்" என்கிறான் அண்ணன். பிறகு நல்லது கெட்டது நடக்கும் இடமெல்லாம் அதையே சொல்லிக் காட்டுகிறான். அவன் விட்டது வரப்பை மட்டுமே. மனம் இன்னும் வழக்காடுகிறது. அவன் "விட்டுக்கொடுத்தேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது உண்மை. 'மனதார' சேர்ந்ததும் பொய்யாயிற்று.

மனம் நிறையாதபோது "மன்னிக்க முயல்கிறேன்" என்று சொல்வதில் குற்றமில்லை. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பவர் காண்பது தம்மையே. அங்கே நின்று சொல்லக்கூடுமானால் மட்டுமே 'மனதார' என்று சொல்லட்டும்.

அய்யா உண்டு.