செம்மண் சடக்குக்கு ஏற்ற சைக்கிள்: அக்காவின் டிப்ஸ்

சைக்கிள் வாங்கப் போகும் தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பிராண்டைப் பற்றி. அடுத்து நிறம், அதற்கடுத்து எடை. "எந்தச் சடக்கில் ஓட்டப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். பினாங்கில் இருப்பவளுக்கு அதுதான் முதல் கேள்வி. தீவுக்குள் நடுமுதுகு முழுக்க மலை. கடலைத் தாண்டினால் செபராங் பிறையில் வயல், வாய்க்கால் கரை, செம்பனைத் தோட்டம், செம்மண் பாதை. இரண்டையும் ஒரே வண்டியில் பார்க்க ஆசைப்பட்டால் உனக்குப் பொருந்துவது கிரேவல் பைக்.

பார்வைக்கு அது பந்தய சைக்கிள் மாதிரிதான் இருக்கும், வளைந்த ஹாண்டில்பாரும் அப்படியே. ஆனால் டயர் தடிமன், கியர் இலகு, பிரேக் டிஸ்க். உட்காரும் நிலையும் அவ்வளவு குனிய வைக்காது. தார் சாலையில் வேகமாகப் போகும், மண் வந்தால் பயப்படாமல் இறங்கும்.

இதில் அப்படி என்ன கவர்ச்சி என்று கேட்கலாம். ஜார்ஜ்டவுனில் சைக்கிள் ஓட்டியவளுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பின்னால் வருகிற லாரியின் ஹார்னுக்காகக் காது எப்போதும் விறைத்தே இருக்கும். ஓரத்தில் நிறுத்திய காரின் கதவு எப்போது திறக்குமோ என்று கண் அலையும். மண் பாதைக்குள் திரும்பிய மறு நிமிடம் அந்தப் பதற்றம் இறங்கிவிடும். தோழியோடு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பேசலாம். பாறையும் வேரும் தாண்டும் மலைச் சைக்கிள் வித்தை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேகம் யாரையும் மிரட்டாது. நாற்பது வயதுக்கு மேல் தொடங்கிய பெண்களும் இதில் நிலைத்து நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அது எனக்கு நெருக்கமானது. செபராங் பிறைத் தோட்டங்களில் நம் ஆட்களின் வியர்வை இறங்கியது நேற்று அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கலிடோனியா, பத்து காவான் போன்ற கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்கள் தமிழர்கள். பிறகு கரும்பு போய்ப் பால்மரம் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பால்மரக் காலத்தில் இருட்டோடு எழுந்து, சைக்கிளில் வாளியை மாட்டிக்கொண்டு, இதே மாதிரி செம்மண் சடக்குகளில்தான் மரம் சீவப் போனார்கள். இப்போது இந்த மாதிரிச் சடக்கில் ஓட்டுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய 200 மைல் சரளைச் சாலைப் போட்டி இன்று 'அன்பவுண்ட்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. கிரேவல் சைக்கிளுக்கென்று முதல் உலகச் சாம்பியன் போட்டியை 2022இல் இத்தாலியில் நடத்தினார்கள். நல்லதுதான். நம் தாத்தா பாட்டிமார் கியரே இல்லாத வண்டியில், முழுப் பால் வாளியோடு இந்த மண்ணை மிதித்தவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள். "இது நமக்கான விளையாட்டா" என்று தயங்கும் தங்கச்சிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சரி, வண்டிக்கு வருவோம். பணத்தை முதலில் டயரில் போடு, அடுத்து கியரில். ஃபிரேமைக் கடைசியாகப் பார்.

டயர் அகலம் குறைந்தது 40 மில்லிமீட்டர் இருக்கட்டும், 45 போட இடமிருந்தால் இன்னும் நல்லது. கடையில் நிற்கும் சில வண்டிகளில் 35தான் இருக்கும். பாலிக் புலாவ் சிமெண்ட் பாதைக்கு அது போதும், தோட்டத்துச் சரளையில் கை மரத்துப்போகும். எனவே "இந்த ஃபிரேமில் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் ஏறும்?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடு. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். மழைக்குப் பிறகு செம்மண் டயரோடு ஒட்டிச் சுருண்டு வரும். இடைவெளி இல்லாவிட்டால் சக்கரமே சுற்றாது, வண்டியைத் தோளில் சுமந்துதான் வர வேண்டும். டயரின் நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்களில் சின்னக் குமிழ்களும் இருந்தால் இந்த ஊருக்குச் சரி. முழுக்கப் பெரிய குமிழ் வைத்த டயர் தார் சாலையில் உன் சக்தியைத் தின்றுவிடும். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பாதி தூரம் தார்தான்.

டியூப்லெஸ் பற்றி இரண்டு கருத்து உண்டு. என் கருத்து உறுதியானது: தோட்டத்துக்குள் போவதென்றால் டியூப்லெஸ்தான். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளின் காம்பில் வரிசையாக முள் இருக்கும். காய்ந்த முள் சாதாரண டியூபை ஊசி போலக் குத்தித் துளைத்துவிடும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அந்த ஓட்டையை அப்போதே அடைத்துவிடும், நீ கவனிக்காமலேயே போய்க்கொண்டிருப்பாய். ஒரு டயருக்கு சுமார் 60 மில்லிலிட்டர் ஊற்றுவார்கள். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் உலர்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். பெரிய கிழிசலுக்குச் சீலண்ட் உதவாது என்பதால் ஒரு டியூபும், டயர் கழற்றும் நெம்புகோலும், சிறிய பம்பும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

காற்றை இறுக்கமாக அடிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிப் போனது. அதை விடு. உன் எடை 55, 60 கிலோ என்றால் 40 முதல் 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் முன்னால் 25 முதல் 28 பிஎஸ்ஐ, பின்னால் அதைவிட இரண்டு மூன்று கூட்டி வைத்துத் தொடங்கு. டியூப் போட்டிருந்தால் ஐந்து பிஎஸ்ஐ கூடுதலாக வை, இல்லாவிட்டால் கல்லில் இடித்து டியூப் கிள்ளப்படும். அளவு காட்டும் பம்ப் ஒன்றை வீட்டில் வாங்கி வை. விலை உயர்ந்த கார்பன் சக்கரம் தருவதைவிட அதிகச் சுகத்தை இந்தச் சின்னச் சரிப்படுத்தல் தரும்.

அடுத்தது கியர். முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுத்துப் பார். விடை ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். முன்னால் 40, பின்னால் 42 என்றால் 0.95. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 0.88. முன்னால் 40, பின்னால் 51 என்றால் 0.78. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலையைத் தாண்டிப் பாலிக் புலாவ் போக முதல் இரண்டுமே உதவும். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதைக்குக் கடைசிக் கணக்குதான் சரிவரும். அது மண்பாதை அல்ல, ஆனால் ஐந்து கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறத்தாழ முழு மலையையும் ஏறிவிடும். 'கிரேவல் ரேஸ்' என்று எழுதி விற்கும் வண்டிகளின் கியர் வேகத்துக்காக வைத்தது. தட்டையான நாட்டுக்கு அது அழகு, நம் முழங்காலுக்கு வேண்டாம்.

முன்னால் பல்சக்கரம் ஒன்றா இரண்டா? ஒன்றே போதும் என்பது என் தீர்ப்பு. மாற்றுவது எளிது, சேற்றில் செயின் கழல்வதும் குறைவு.

இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் கட்டாயம். ஹைட்ராலிக் என்றால் ஒரு விரலால் அழுத்தினாலே பிடிக்கும், சின்னக் கை உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கேபிள் டிஸ்க் மோசமில்லை, வழியில் நீயே சரிசெய்யலாம். எதுவானாலும் பிரேக் லீவரை ஹாண்டில்பாருக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைக் கடையிலேயே உன் விரலுக்கு ஏற்றபடி சரிசெய்து வாங்கிக்கொள். செம்மண் நீரில் பிரேக் பேட் வேகமாகத் தேயும், உலோகக் கலவைப் பேட் கொஞ்சம் கூடுதல் நாள் வரும். தெலுக் பாஹாங் பக்கம் வளைந்து இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போகாதே. வளைவுக்கு முன் அழுத்து, வளைந்ததும் விடு.

இனி, பெண்களுக்கென்று கடைக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம்: அளவு. ஐந்தடிக்குச் சற்று மேலே உயரமுள்ளவள் சின்ன ஃபிரேமில் பெரிய 700 சி சக்கரம் போட்டு ஓட்டினால், திரும்பும்போது கால் விரல் முன் சக்கரத்தில் இடிக்கலாம். கடை வாசலில் மெதுவாக ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிடு. இடித்தால் 650 பி என்ற சின்னச் சக்கரம் கொண்ட வண்டியைக் கேள், அதில் டயரும் இன்னும் தடிமனாகப் போடலாம். பெடலைத் தாங்கும் கிராங்க் 165 மில்லிமீட்டர் போதும், 170க்கு மேல் உன் இடுப்பும் முழங்காலும் வீணாக உழைக்கும். ஹாண்டில்பார் அகலம் உன் தோளுக்கு ஏற்றபடி இருக்கட்டும். கை எட்டவில்லை என்றால் சீட்டை முன்னால் தள்ளாதே, ஹாண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெமைக் குட்டையாக மாற்றச் சொல்.

சீட் உயரத்துக்கு எளிய வழி: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதன் பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடியும். மரத்துப்போவதும் எரிச்சலும் "போகப் போகப் பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. உட்காரும் எலும்பின் அகலத்துக்குச் சீட் பொருந்தவில்லை என்று பொருள், மாற்றிவிடு. கூச்சப்பட்டு வலியோடு ஓட்டி, கடைசியில் சைக்கிளையே நிறுத்திவிட்ட பெண்கள் உண்டு. உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டிய பேட் வைத்த கால்சட்டை ஒன்றும் வாங்கு.

ஃபிரேமைச் சுருக்கமாக முடிக்கிறேன். கார்பன் ஃபோர்க் வைத்த அலுமினியம் நம் ஊருக்கு நல்ல தேர்வு. ஸ்டீல் மென்மையாக ஓடும், ஆனால் கடல் காற்றும் ஈரமும் உள்ளே துருப்பிடிக்க வைக்கும், துருத் தடுப்பு அடித்திருக்க வேண்டும். மட்கார்டு மாட்டவும் மூன்று தண்ணீர் பாட்டில் வைக்கவும் துளைகள் உள்ளனவா என்று பார். புது வண்டிக்குப் பணம் பற்றாவிட்டால் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க் உள்ள பழைய மலைச் சைக்கிளில் நல்ல டயர் இரண்டு மாற்றிக்கொள். தோட்டத்துச் சடக்குக்கு அது தாராளம். நேரான ஹாண்டில்பார்தான் உனக்குத் தைரியம் தருகிறது என்றால் அதையே வைத்துக்கொள்.

எங்கே தொடங்குவது? தீவில் என்றால் பாலிக் புலாவ் பக்கம் சுங்கை பூரோங், புலாவ் பெத்தோங் வயல்வெளி. தட்டை நிலம், வண்டி குறைவு. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கு. திரும்பும்போது ஜாதிக்காய் சாறும் லக்சாவும் உண்டு. அக்கரைக்கு என்றால் ஃபெரி. பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் சைக்கிளோடு ஏறலாம். பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே பெனாகா, கெப்பாலா பத்தாஸ் பக்கம் போனால் வயல் வாய்க்கால் கரைகள். தெற்கே சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் செம்பனை. முதல் தடவைக்கு வடக்கே போ, நிழல் குறைவானாலும் வழி தவறாது.

ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள், கற்றுக்கொள்ள நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். பெருமழைக்கு மறுநாள் செம்மண் பக்கம் போகாதே, மலைப் பாதையில் மண்சரிவையும் நினைவில் வை. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கு மலையில் எத்தனை இடம் சரிந்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. காலையில் ஏழு மணிக்குப் பிறகுதான் விடியும், ஆகையால் ஆறு மணிக்குக் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். பத்து மணிக்குள் திரும்பும்படி கணக்கு வை. பாட்டில் இரண்டு, ஒன்றில் உப்புச் சேர்த்த தண்ணீர்.

தோட்டம் தனியார் சொத்து. காவல் வாசலில் இறங்கி, வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டுவிட்டே உள்ளே போ. குலை ஏற்றிய டிராக்டர் வந்தால் ஓரம் ஒதுங்கி நில். செம்பனை வரிசைகளுக்கு நடுவே குவித்த மட்டைகளில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். இயற்கைக் கடனுக்கு ஒதுங்க வேண்டுமென்றால் அந்தக் குவியல் பக்கம் போகாமல் திறந்த ஓரமாகப் பார்த்துப் போ, தோழியைக் காவல் நிறுத்து. பாலிக் புலாவில் டுரியான் பருவத்தில் மரத்தடியில் நின்று படம் எடுக்காதே, ஹெல்மெட்டையும் கழற்றாதே.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை வண்டிக்கு. குழாய் நீரை மெதுவாக விட்டுச் செம்மண்ணைக் கழுவு. அழுத்தமாகப் பீய்ச்சினால் பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். செயினைத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, மிச்சத்தை மறுபடி துடைத்துவிடு. டயரை விரலால் தடவி முள் ஏதும் ஒடிந்து நிற்கிறதா பார். நின்றால் வீட்டில் வைத்தே பிடுங்கு, சீலண்ட் அடைக்க நேரம் கிடைக்கும்.