கால் விறைப்பு: காரணம் தேடுங்கள்

"கால் உளையுது, விறைக்குது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் தேய்த்து, சுடுநீர் ஊற்றி, "வயது போனால் அப்படித்தான்" என்று ஆறுதல் கூறிவிடுகிறோம். அன்பார்ந்த வாசகர்களே, விறைப்பு ஓர் அறிகுறியே. நோய் வேறிடத்தில் இருக்கலாம்.

ஆலயத்தில் நெடுநேரம் முழந்தாளில் இருந்து எழும்பும்போது கால் மரத்துப்போவதை எல்லோரும் அறிவோம். நரம்பு அழுத்தப்படுவதால் வரும் அவ்விறைப்பு சில நிமிடங்களில் நீங்கும், அஞ்சவேண்டியதில்லை. அடிக்கடி வருவதும் நீங்காதிருப்பதுமே ஆராயவேண்டியவை.

எப்படி வருகிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் நொந்து, நின்றதும் தணிந்தால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். புகைபிடிப்போருக்கு இது அதிகம். இடுப்பிலிருந்து ஒரு காலில் மாத்திரம் விறைப்பு இறங்கினால், முதுகெலும்பருகே நரம்பு நசிபடலாம். கால் உளைவுடன் களைப்பும் முகவெளிறலும் சேர்ந்தால், விசேடமாகப் பெண்களுக்கு, இரத்தச்சோகை காரணமாகலாம்.

உணவுக் குறைவும் காரணமாகும். 1890களில் யாவாத் தீவில் எயிக்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியை மாத்திரம் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 நரம்புக்கு அவசியம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1929இல் அவர் நோபல் பரிசு பெற்றார். மிதமிஞ்சிக் குடிப்போருக்கு இச்சத்து இன்றும் குறைகிறது. மீன், முட்டை, பால், இறைச்சியில் உள்ள பி12 குறைந்தாலும் கால் விறைக்கும். மெற்போமின் குளிகையை நெடுங்காலம் எடுப்போர் இதுபற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

பதுங்கியிருக்கும் பகை

யாவற்றிலும் கவனிக்கவேண்டியது நீரிழிவு. இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் கூடியிருந்தால் நரம்புகள் பழுதடையும். மிக நீண்ட நரம்புகளே முதலில் கெடுவதால், இரு பாதங்களின் விரல்களிலும் எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கும். இரவில் எரிவு கூடும். நாளடைவில் எரிவு நின்றுவிடும். சுகமாகிவிட்டதென்று எண்ணுவோம், உண்மையில் உணர்ச்சியே போயிருக்கும். செருப்புக் கழன்றதும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது. நாம் அன்போடு ஊற்றும் சுடுநீர் தோலைச் சுட்டதும் தெரியாது. புண் பழுத்தபின் வைத்தியசாலைக்குப் போய், விரலையோ காலையோ இழந்து திரும்பியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

செய்யவேண்டியவை

1. வெறுவயிற்றில் இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள். 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுமுறையும் அவ்வாறே காட்டினால் அது நீரிழிவு.

2. நீரிழிவு உள்ளவர் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது. பாதத்தையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் பார்க்கவேண்டும். பார்வை குறைந்தவருக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

3. ஒரு பக்கம் திடீரெனச் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, இரு கால்களும் விரைவாகப் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ, ஒரு கால் மாத்திரம் வீங்கி நொந்தாலோ, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அம்மாவின், அப்புவின் பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். எண்ணெய் தேய்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.